கடைசிப் பூச்சு

விளக்கை யாரும் தொடாதீர்கள், அது பாட்டுக்கு எரியட்டும். பயந்தாங்கொள்ளிகள் சுவரோரமாக நகர்ந்து உட்காரலாம். இது என் சிநேகிதியின் நாத்தனாருக்கு நடந்தது.

மாலை ஆறே முக்கால். அவள் வேலை பார்த்த வெளிநாட்டு மியூசியத்துக்குப் பின்னால் ஒரு தெரு... ஒரு பக்கம் நீள மதில், மறுபக்கம் பூட்டிய கிடங்குகள். ஆள் நடமாட்டமே கிடையாது. தெருக்கோடியில்தான் அவள் லேப். மண்ணுக்கடியில் கிடைத்த பழைய சாமான்களைக் கழுவி, ஒட்டி, கெடாமல் காப்பது அவள் வேலை. வீட்டில் அவளுக்குப் 'பசை' என்று பட்டப்பெயர்.

அன்று அவள் மட்டும்தான் இருந்தாள். மேஜைமேல் ஒரு பெட்டி. ரோமானியர் காலத்துக் கல்லறை ஒன்றிலிருந்து வந்தது. உள்ளே ஆறு மாதக் குழந்தையின் எலும்புகள். பக்கத்தில் மூக்கு வைத்த சின்ன மண்குடுவை... அந்தக் காலத்துப் பால்புட்டி. பிள்ளையோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். பெற்றவளுக்கு வெறுங்கையோடு அனுப்ப மனசு வந்திருக்காது.

பசைக்கும் வீட்டில் ஆறு மாதப் பெண். பிரசவ விடுப்பு முடிந்து வந்து மூன்றாவது நாள்தான் ஆகிறது. போன் அடித்தது. கணவன்.

"எப்ப வர்ற? புட்டிய வாயில வெச்சாலே துப்புறா. அழுது அழுது தொண்டையே கட்டிப்போச்சு."

"இதோ, நம்பர் போட்டுட்டு ஓடி வந்துடறேன்."

நம்பர் போடுவது என்றால், முதலில் மெல்லிசாக வார்னிஷ் பூச வேண்டும். காய்ந்ததும் கறுப்பு மையில் எண். அது அழியாமலிருக்க மேலே கடைசிப் பூச்சு. இதெல்லாம் பானைக்கும் ஓட்டுக்கும்தான். குழந்தை எலும்பில் எழுதக் கூடாது. சீட்டில் எழுதிப் பைக்குள் போட்டால் போதும். லேபில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அவள் நினைப்பு முழுக்க வீட்டில்... கை பழக்கத்தில் ஓடிவிட்டது. குடுவையில் அந்தக் கல்லறையின் எண், 312, எழுதினாள். அதே வேகத்தில் தொடை எலும்பிலும் 312.

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.

"ஐயோ, பிள்ளைமேலயா எழுதிட்டேன்!"

எலும்பு என்று வாயில் வரவில்லை. பிள்ளை என்றுதான் வந்தது. எலும்பு நோகாமல் துடைத்தெடுக்க அரை மணியாவது பிடிக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசிப் பூச்சைப் பூசாமலே பெட்டியை மூடினாள். விளக்கை அணைத்தாள். மணி ஏழு.

சப்... சப்... சப்...

பெட்டிக்குள்ளிருந்து. பசித்த குழந்தை அவசர அவசரமாகப் பால் குடிக்கும் சத்தம். பெற்றவளுக்கு அது தெரியாதா? வெதுவெதுப்பாகத் தாய்ப்பால் வாசனை வேறு. பிறகு அந்தச் சத்தம் நின்றது. மேஜைமேலிருந்து இன்னொரு சத்தம். கிரீச்... கிரீச்... வார்னிஷ் பாட்டிலின் மூடியை யாரோ நிதானமாகத் திருகித் திறக்கிறார்கள்.

அடித்துப் பிடித்து ஓடினாள். கதவைப் பூட்டினாளா என்றுகூட நினைவில்லை.

வீடு அமைதியாக இருந்தது. கணவன் வாயில் விரல் வைத்தான்.

"ஸ்ஸ்... இப்பதான் தூங்கறா. ஏழு மணிக்கு டக்குனு அழுகைய நிறுத்திட்டா."

"பால் குடிச்சாளா?"

"எங்க! புட்டி அப்படியே இருக்கு. ஆனா பாரேன், வாயோரத்துல பால் வழிஞ்சிருக்கு. எப்படின்னே தெரியல."

அவள் ஒட்டி உட்கார்ந்து, குழந்தையைச் சுற்றியிருந்த துணியை மெல்ல விலக்கினாள். வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று இன்னும் கொஞ்சம் விலக்கினாள்...

தொடையில் 312.

கறுப்பு மை. இரண்டின் வாலை நீட்டி இழுத்த அவள் கையெழுத்தேதான். மேலே பளபளவென்று, அவள் பூசாமல் விட்டுவந்த கடைசிப் பூச்சு.

விரலை வைத்தாள். ஒட்டியது. இன்னும் காயவில்லை.