இடது ஓரத்தில் நிற்பவர்

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். நீர்த்தேக்கத்துக்குப் போகிற பழைய ரோடு. புது ரோடு போட்ட பிறகு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. விளக்குக் கிடையாது. தார் பெயர்ந்து, இரண்டு ஓரத்திலும் முழங்கால் உயரத்துக்குப் புல். பனியென்றால்... கையை நீட்டினால் விரல் மங்கிப் போகும், அப்படி ஒரு பனி.

அங்கே ஓர் ஆள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தனியாக நின்றுகொண்டிருக்கிறார்.

கதவோரம் இருக்கிறவர் அதைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள். காற்று வருகிறது. ம்... போதும். இன்னும் கிட்டே வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

அந்த ஆள் யாரோ எவரோ இல்லை. என் அக்கா வீட்டுக்காரருடைய கூடப்பிறந்த அண்ணன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க... ஆடாதீங்க... விடலாம்." ஒரு நாளில் அவர் மனிதர்களோடு பேசுகிற பேச்சு மொத்தமே அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எல்லாரும் உள்ள எப்படி இருப்பாங்கன்னு தெரிஞ்சுபோச்சு, அப்புறம் எதுக்கு?" என்று சிரிப்பார். அது சிரிப்பு இல்லை என்பது அவர் தம்பிக்கு, அதாவது என் அத்தானுக்கு, ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

லீவு நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆளில்லாத இடமாகப் பார்த்துப் போவார். எடுத்த படத்தை யாரிடம் காட்டுவது? அதற்கென்று போனில் ஒரு குரூப் இருந்தது. பொழுதுபோக்குக்குப் படம் எடுக்கிற பத்துப் பதினைந்து பேர். ஆளுக்கொரு ஊர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். மேகமாகவே எடுத்துத் தள்ளுகிற டீச்சர், அவர்தான் குரூப்பைத் தொடங்கியவர். வண்டியை ஓரங்கட்டி ஓரங்கட்டி மலையை எடுக்கிற லாரிக்காரர். அப்புறம் கல்யாண ஆல்பம் செய்து பிழைக்கிற ஒருவர். படத்தில் வேண்டாதது எதுவாக இருந்தாலும், கரண்டுக் கம்பியோ குப்பைத் தொட்டியோ மனுஷனோ, இருந்த தடமே தெரியாமல் அழித்துக் கொடுத்துவிடுவார். அதனால் அவருக்குத் துடைப்பம் என்று பெயர். "சண்டை போட்டுட்டுப் போன சித்தப்பாவையே ஆல்பத்துலேருந்து தூக்கியிருக்கேன், கம்பி எம்மாத்திரம்?" என்பார். நம்மாளுக்கு எக்ஸ்ரே என்றே பெயர்.

குரூப்பில் இரண்டு சட்டம். படத்தில் ஆள் இருக்கக் கூடாது. படம் போட்டவர், மற்றவர்கள் எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது.

அன்றைக்கு எடுத்த படத்தை அங்கே நின்றபடியே போனுக்கு மாற்றி குரூப்பில் போட்டார். வெறும் ரோடு. ஒரு மைல்கல். ஒரு மரம். மிச்சமெல்லாம் பனி. தான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று அவருக்குத் தோன்றியது. ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து காத்திருந்தார். தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. திடீரென்று... எல்லாம் ஒன்றாக நின்றுவிட்டன. ஒரு வாசனை வந்தது. நனைந்த ஸ்வெட்டரைக் காயவைக்காமல் மடித்து வைத்தால் ஒரு வாடை வருமே... அது.

போன் அதிர்ந்தது.

"பனி பிரமாதம்," என்று டீச்சர். "ஆனா இடது ஓரத்துல அந்த ஆளு எதுக்கு? கண்ணு நேரா அங்கதான் போகுது."

"அதேதான். அவர் நகர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்," என்று லாரிக்காரர்.

"விடுங்க, தூக்கிட்டேன்." துடைப்பம் அதற்குள் படத்தைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பியும்விட்டார்.

எக்ஸ்ரே தன் படத்தைப் பார்த்தார். ரோடு. மைல்கல். மரம். எந்த ஆள்? மெதுவாகத் தலையைத் திருப்பி, ரோட்டின் இடது பக்கம் பார்த்தார். புல்தான் இருந்தது. வாசனை போயிருந்தது. தவளைகள் மறுபடி ஆரம்பித்தன.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பெரிய திரையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. தன் படத்தில் ஒன்றுமே இல்லை. துடைப்பம் அனுப்பிய படத்தில் மட்டும், இடது ஓரத்தில், ஒரே புல் இரண்டு தடவை இருந்தது. அங்கே எதையோ எடுத்துவிட்டு, பக்கத்துப் புல்லைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். ஓர் ஆள் உயரத்துக்கு.

இல்லாத ஆளைத் துடைக்க முடியாதே.

அடுத்த வாரம் வேறு இடம். கைவிட்ட கல் குவாரி. அங்கேயும் அந்த வாசனை. அங்கேயும் அதே பேச்சு.

"என்ன எக்ஸ்ரே, உங்க கூட்டாளியைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லக் கூடாதா?" என்று லாரிக்காரர் எழுதினார். "அதே பழுப்பு ஸ்வெட்டர், அதே முதுகு. போன வாரத்துக்கு இந்த வாரம் இன்னும் கிட்ட வேற வந்து நிக்கறார்."

கூட்டாளி... அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பேசி முடித்தார்கள். அவருடைய முறை வந்தது.

"ஆமா, நம்ம நண்பர்தான். சொன்னா எங்க கேக்கறார்?" என்று எழுதினார்.

ஏன் அப்படிப் பொய் சொன்னார் என்று கேட்காதீர்கள். பயந்து ஓடியிருக்க வேண்டிய இடம் அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரைப் பார்த்து, உன்கூட ஒருத்தர் இருக்கிறார் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை.

அதற்கப்புறம் குரூப்பில் அவருக்கு மவுசு கூடிப்போனது. நண்பர் என்ன வேலை பார்க்கிறார், படம் எடுப்பாரா, வேடிக்கை மட்டும்தானா என்று விசாரித்தார்கள். இவர் ஏதோ சொல்லி வைப்பார். அவர்கள் சொல்வதையும் பத்திரமாகச் சேர்த்து வைத்துக்கொள்வார். நண்பர் தன்னைவிட ஒரு சாண் உயரம். வலது தோளைச் சற்று இறக்கி நிற்பார். ஸ்வெட்டரின் முழங்கையில் கிழிசல். கண்ணால் காணாத மனிதரை இப்படி அடுத்தவர் வாய்ச்சொல்லை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டார். ஃபிளாஸ்க்கோடு இரண்டு டம்ளர் எடுத்துப் போக ஆரம்பித்தார். வாசனை வந்ததும் பேசத் தொடங்குவார். ஆஸ்பத்திரிக் கதை, வயிற்றுவலி, மேலதிகாரி... வருஷக்கணக்கில் பேசாமல் விட்ட பேச்சு எல்லாம்.

அந்தச் சமயத்தில்தான் என் அத்தான் ஒரு நாள் போன் செய்திருக்கிறார்.

"எப்படி இருக்கேண்ணே? தனியாவே கெடந்து அல்லாடறியே..."

"தனியா எங்கடா? ஒருத்தர் கூட வர்றார்."

"அட! யாருண்ணே?"

"படம் எடுக்கப் போறப்ப வருவார்."

"அப்பாடா," என்று அத்தான் போனை வைத்துவிட்டார். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் எக்ஸ்ரே கவனித்துவிட்டார். துடைப்பம் படத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிற அந்த நொடியில் வாசனை போய்விடும். விளக்கை அணைத்த மாதிரி. பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நிற்கும். அடுத்த தடவை நண்பர் வந்து சேர முன்னைவிட நேரம் பிடிக்கும். துடைக்கத் துடைக்க... தேய்கிறார்.

படத்தை குரூப்பில் போடாமலே இருந்து பார்த்தார். அப்போது வாசனை வந்தது, தங்கியது. ஆனால் நண்பர் எங்கே நிற்கிறார், நெருங்கி வந்தாரா, விலகிப் போனாரா, யார் சொல்வார்கள்? கையொடிந்து வந்தவரிடம் போனை நீட்டி, இதில் எத்தனை பேர் என்று கேட்க முடியுமா? மாடியில் இருக்கிற வேறு டாக்டரிடம் இவரையே அனுப்பிவிடுவார்கள். குரூப்பில் இருப்பவர்கள் பார்த்தால்தான் நண்பர் உண்டு. அவர்கள் பார்த்தாலோ துடைத்துவிடுவார்கள்.

கடைசியில் கேட்டே விட்டார். "இனிமே என் படத்துல அவரைத் துடைக்காதீங்க. துடைச்சா அவர் போயிடறார்."

சிரிக்கிற முகங்களாக வந்து விழுந்தன.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்," என்றார் துடைப்பம். "உங்களுக்கு விட்டா நாளைக்கு ஆளாளுக்கு மாமியார் படம் போடுவாங்க."

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தனியாக எழுதினார். "போன படத்துல உங்க நண்பர் திரும்பிப் பார்த்துட்டார் சார். மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

எக்ஸ்ரே உடனே கேட்டார். "முகம் எப்படி இருக்கு?"

டீச்சர் திருப்பிக் கேட்டார். "உங்க நண்பர் முகத்தை என்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

இவர் மறுபடி அதையே கேட்டார். "எப்படி இருக்கு டீச்சர்?"

"வா-ன்னு யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு நிக்கற மாதிரி இருக்கு."

அதற்கடுத்த லீவு நாள், விடிவதற்கு முன்னால், எக்ஸ்ரே திரும்பவும் அந்தப் பழைய ரோட்டுக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை. குரூப்பில் ஒரு படம் வந்தது, அவ்வளவுதான். வழக்கம்போல ஆளுக்கு ஆள் கருத்துச் சொன்னார்கள்.

"சரியாப் போச்சு. இந்த வாரம் ரெண்டு பேர்," என்றார் லாரிக்காரர்.

"ஸ்வெட்டர்காரர் தெரியுது," என்று டீச்சர். "பக்கத்துல ஒட்டி நிக்கறவர் யாரு? நீலச் சட்டை, கொஞ்சம் வழுக்கை. கழுத்துல ஏதோ அட்டை தொங்குது, ஆபீஸ் அட்டை மாதிரி. ரெண்டு பேரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கறாங்க. அப்ப படம் எடுத்தது யாரு?"

எக்ஸ்ரேயின் முகத்தை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. சொன்னேன் இல்லையா?

"யாரா இருந்தா என்ன, ரெண்டு பேரையும் தூக்கியாச்சு," என்றார் துடைப்பம். ரோடு, மைல்கல், மரம், பனி. சுத்தமாக இருந்தது.

எல்லோரும் பேசி முடித்தார்கள். படம் போட்டவர் இனிப் பேசலாம். காத்திருந்தார்கள். "எக்ஸ்ரே சார், உங்க முறை," என்று டீச்சர் எழுதினார். சாயந்தரம் இன்னொரு தடவை எழுதினார். ராத்திரி இன்னொரு தடவை.

வேலைக்கு வரவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், அத்தான் தேடிக்கொண்டு அந்தப் பழைய ரோட்டுக்கு வந்து சேர்ந்தார். ரோட்டோரம் ஸ்கூட்டர் நின்றது. நடு ரோட்டில் மூன்று கால் ஸ்டாண்டில் கேமரா, லென்ஸ் முழுக்க நீர் கோத்து. போன் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்தது. போலீஸ் வந்தது, நீர்த்தேக்கத்தில் ஆள் இறக்கித் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இன்று வரை இல்லை.

கேமராவை அத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். துடைக்காத அசல் படம் அதில்தானே இருக்கிறது? திறந்து பார்த்தார். வெறும் ரோடு. தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த என் அக்கா, "அண்ணன் நிக்கறாரே!" என்று அலறியிருக்கிறாள். "பக்கத்துல யாருங்க அது?"

அத்தான் கண்ணுக்கு இன்றைக்கும் அது வெறும் ரோடுதான். கண் டாக்டரிடம்கூடப் போய் வந்துவிட்டார். அதனால் தினமும் சாயந்தரம் அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்பார்.

"இருக்காங்களா?"

"இருக்காங்க."

"சிரிக்கறாரா?"

"சிரிக்கறார்."

அவ்வளவுதான் பேச்சு. மற்றபடி அவர் இப்போதெல்லாம் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. தான் வைத்திருக்கிற கடையையும் சரியாகத் திறப்பதில்லை. படத்தை அழித்துத் தொலை என்று அக்காவிடம் நானே சொன்னேன். "அழிச்சா அண்ணன் போயிடுவார்ங்கறாரே, நான் என்னடா பண்ணுவேன்?" என்றாள்.

நேற்று அவள் போன் செய்தாள். அத்தான் தூங்கிய பிறகு, பால்கனியில் நின்று, குரலைத் தாழ்த்தி. அவரிடம் வழக்கம்போல இருக்காங்க, சிரிக்கறார் என்று சொல்லிவிட்டாளாம். வேறெதுவும் சொல்லவில்லையாம்.

இத்தனை நாளும் படத்தில் அவர்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டித்தான் நின்றார்கள். இப்போது ஆளுக்கு ஓர் அடி நகர்ந்திருக்கிறார்கள். நடுவில் இன்னோர் ஆள் வந்து நிற்கிற அளவுக்கு இடம் விட்டு.