தண்ணியைப் பார்த்து எறிந்த தட்டு

தெல்தெனியவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஹோட்டல் சீருடையோடு ஒருவன். பக்கத்திலிருந்த கூட்டாளியிடம் சொன்னான்:

"தோக்கப் போய் மாட்டிக்கிட்டேன் மச்சான்."

"எதுல?"

"எங்க ஹோட்டல்ல தண்ணிக்கரையோரமா இரும்புக் கூடை நட்டிருக்காங்கல்ல? தூரத்துல நின்னு பறக்குற பிளாஸ்டிக் தட்டை எறிஞ்சு அதுக்குள்ள போடணும். நேத்து மெனேஜர் என்னைய வெளையாடக் கூப்பிட்டாரு."

"மெனேஜரைப் போய் ஜெயிக்கலாமாடா?"

"அதான்! தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு லெட்டர் பையில இருக்கு. அவரு எறிஞ்ச மூணு தட்டும் தண்ணிக்குள்ள போயிருச்சு. நானும் தண்ணியப் பாத்துத்தான் எறிஞ்சேன். காத்து திருப்பிக் கொண்டாந்து நேரா கூடைக்குள்ள போட்டுருச்சு."

"ஐயோ! லீவு?"

"மூணு நாள் கேட்டேன். ரெண்டு நாள் குடுத்துட்டாரு. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லயாம். அன்னைக்கு அந்த எறியை நான் அவருக்குப் பழக்கணுமாம்."

"கல்யாணம் என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

கூட்டாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாவப்படுகிறான் என்றுதான் நானும் நினைத்தேன். ரெண்டு பஸ் ஹோல்ட் தாண்டி மெதுவாகக் கேட்டான்:

"சரி, எப்பிடித்தான்டா எறிஞ்ச?"