சந்தேகம் கேட்கிற மாணவன்

எங்கள் பிள்ளைகள் சந்தேகம் கேட்க மாட்டார்கள், இன்ஸ்பெக்டர் சார். இருபது வருடமாகக் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். வகுப்பில்தான் வாய் திறப்பதில்லை என்று வாட்ஸ்அப் குழு தொடங்கினால், அங்கேயும் "ஓகே சார்", ஒரு கும்பிடு, அவ்வளவுதான். தப்பாகக் கேட்டால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம்.

அதனால் நானே ஒரு மாணவனை உருவாக்கினேன். பெயர் பரணிதரன், ஊர் மயிலாடுதுறை. அஞ்சல் வழியில் படிக்கிறவன் என்று சொல்லிவிட்டதால் யாரும் நேரில் தேடவில்லை. பழைய போனில் புது சிம் போட்டு அவன் பெயரில் அசட்டுச் சந்தேகங்களாகக் கேட்டேன். பொறுமையாக நானே பதிலும் சொன்னேன். பத்து நாளில் மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் பருவத்தில் அரியர் பாதியாகக் குறைந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மலர்க்கொடி என் வகுப்பு மாணவி, ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெண். பரணிதரனுக்குத் தனியாக எழுத ஆரம்பித்தாள். முதலில் பாடம், பிறகு வீடு. தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டார்களாம். "உங்ககிட்ட மட்டுந்தாங்க பயமில்லாம பேச முடியுது" என்றாள். பதில் போடாவிட்டால் படிப்பை விட்டுவிடுவாளோ என்று போட்டேன். அன்பாகத்தான் போட்டேன்.

நவம்பர் பரீட்சைக்கு முந்தின வாரம், "உங்களோடயே வந்துடவா?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் பரீட்சை எழுத மாட்டாள். "பரீட்சைய முடிச்சிட்டு வா. மயிலாடுதுறை ஸ்டேஷன்ல நிக்கிறேன்" என்று அனுப்பினேன்.

எழுதி முடித்து நேரே அங்கே போனாள். "வந்துட்டேங்க. எங்க நிக்கிறீங்க?" பதினொரு முறை கேட்டிருந்தாள். எல்லாவற்றையும் படித்தேன். போனை அணைத்து வைத்தேன்.

இரண்டாம் நாள் காவிரியிலிருந்து அவளை எடுத்தார்கள். ஐப்பசித் தண்ணீர், கரை தொட்டு ஓடியது. அவள் அப்பா நல்லக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பாடம்னா உசுரா படிப்பாளே சார்" என்று கதறினார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, சார். இன்றைக்கும் அவர் குரல் கேட்டால் சோறு இறங்குவதில்லை. போன வாரம் முடிவு வந்தது. எண்பத்தொன்று வாங்கியிருக்கிறாள்.

பரணிதரனைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். இதோ அந்த போன். இரண்டாவது சிம் வானதியுடையது, இந்தப் பருவத்தில் சேர்ந்தவள். அவளையும் தேட வேண்டாம். ஆனால் போனை மட்டும் சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தமிழ்மாறன் என்ற பையன் அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறான். பாவம், நேற்றிலிருந்து பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறான்.