மூணு மணி முழிப்பு

இல்லங்க சார், நான் பஸ்ஸுக்கு நிக்கல. லாரிக்கு. நீங்க இப்பிடி உள்ள தள்ளி வாங்க, அந்தத் தகரத்துல பனி சொட்டும், சட்டை நனைஞ்சுரும். புதுசா வந்திருக்கிற வாத்தியாரு சாருதான நீங்க? முந்தாநாளு பள்ளிக்கூடத்து வாசல்ல பாத்தேன். கொடைக்கானல் வண்டி அஞ்சரைக்குன்னுதான் சொல்லுவாக, ஆறுக்கு முன்னாடி அது வந்ததா சரித்திரமே கெடையாது. உக்காருங்க.

அந்தா, வளைவுல டார்ச்சோட நிக்கிறாகளே, அவுகதான் எங்க வீட்டுக்காரவுக. அழகுமலைன்னு பேரு. லாரி வெளிச்சம் தெரியுதான்னு பாக்குறாக. நான் அவுக மேல ஒரு கண்ண வச்சுக்கிட்டுத்தான் பேசுவேன், தப்பா நெனைக்காதீங்க. வளைவத் தாண்டி எறங்கிட்டாகன்னா பேச்சப் பாதியில போட்டுட்டு நான் ஓடணும்.

ஆமா, மூணு மணிக்கே எந்திரிச்சாச்சு. தெனமும் இல்ல, மாசத்துல ஏழெட்டு நாளு. எப்ப வரும்னு சொல்ல முடியாது. வந்துச்சுன்னா அவ்வளவுதான், தூக்கம் மலையேறிரும். மொதல்ல எனக்குத்தான் இது இருந்துச்சு. அம்பது தாண்டுன பொம்பளைகளுக்கு வாரதுதான்னு அருள்மேரி சிஸ்டரு சொல்லுச்சு, நம்ம ஊருக்கு ஊசி போட வருமே, அந்த நர்சம்மா. முழிப்பு வந்தா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்காதக்கா, எந்திரிச்சு உருப்படியா ஒரு சோலியப் பாருன்னுச்சு.

நான் விடுவனா? பழைய சேலையெல்லாம் கிழிச்சு ஒட்டுப் போட்டு நாலு போர்வை தச்சேன். பேத்தி விட்டுட்டுப் போன சிலேட்டுல அன்னக்கொடி அன்னக்கொடின்னு எம்பேர எழுதி எழுதிப் பழகுனேன். மகளிர் குழு நோட்டுல நான் கைநாட்டு வைக்காமக் கையெழுத்துப் போட்டப்ப அத்தன பேரும் வாயப் பொளந்தாளுக. அட, நெசமாத்தான் சார். சிரிக்காதீங்க.

அப்பிடித்தான் ஒரு நாளு பூண்டு உரிக்க ஒக்காந்தேன். டவுன்ல ஒரு ஹோட்டல்காரவுக உரிச்ச பூண்டா வேணும்னு கேட்டிருந்தாக. அன்னிக்குன்னு பாத்துக் கரண்டு இல்ல. அடுப்புக்கு மேல பரண்ல கையவிட்டு, கைக்கு அம்புட்ட பூண்டுக் கட்டுகளையெல்லாம் இழுத்துப் போட்டு உரிச்சேன், உரிச்சேன், விடியிற வரைக்கும் உரிச்சேன். பொகை வாசம் அடிச்சுச்சு. எங் கையே எப்பவும் அடுப்புப் பொகை வாசந்தானன்னு விட்டுட்டேன். வெளிச்சம் வந்து பாத்தா அத்தனையும் வெதைப்பூண்டு! உங்களுக்குத் தெரியாது. வெதைக்குன்னு எடுத்ததத் தனியா அடுப்புப் பொகை படுறாப்புல கட்டித் தொங்கவிட்டிருப்போம், அப்பத்தான் பூச்சி விழாது. தோல உரிச்சுட்டா அது வெதையே இல்ல, கொழம்புக்குத்தான். ஒரு போகமே போச்சு. எங்க ஊருல வேற ஒருத்தனா இருந்தா பொண்டாட்டிய அப்பன் வீட்டுக்கே வெரட்டியிருப்பான்.

அவுக எந்திரிச்சு வந்தாக. நான் தோலையெல்லாம் முந்தானையில அள்ளிக்கிட்டு நிக்கிறேன். ஒரு பல்ல எடுத்து மோந்து பாத்துட்டு, நல்ல பூண்டா இருக்கே, யாரு தோட்டத்துதுன்னு கேட்டாக. கேலி பண்றாகன்னு நெனச்சு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவுகளும் சிரிச்சாக. கேலி இல்ல சார் அது. எனக்கு வெளங்க ஆறு மாசமாச்சு.

அதுக்கப்புறம் என் முழிப்பு அவுகளுக்குப் போயிருச்சு. எனக்கு இப்ப நல்லாத்தான் தூக்கம் வருது, தூங்கத்தான் முடியல. அவுகளுது முப்பது வருசமா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு ஏத்துன ஒடம்பு. மூணு மணிக்கு எந்திரிச்சு, மப்ளரச் சுத்திக்கிட்டு, மூட்டை எங்க, லாரி வந்துருமேங்குறாக. தோட்டத்தத்தான் குத்தகைக்கு விட்டாச்சே, மூட்டைக்கு நான் எங்க போவேன்? அதச் சொன்னா, சரி, நானே மார்க்கெட்டுக்குப் போயிக் கேக்கேன்னு ரோட்டுல எறங்கி நடந்துருறாக. போன மாசம் கீழ கொண்டையூசி வளைவுல காட்டுமாட்டுக்கு முன்னால நின்னுக்கிட்டு, ஓரமா நிப்பாட்டுடா வண்டியன்னு வஞ்சுக்கிட்டு இருந்திருக்காக. அந்த மாடு என்ன நெனச்சுச்சோ, சும்மா நின்னுருக்கு. பால் வண்டிக்காரருதான் ஏத்திக்கிட்டு வந்து விட்டாரு.

இந்த மூட்டையா? தூக்கிப் பாருங்க. ம்... பைன் மரத்துச் சருகுதான் சார். என்ன செய்யச் சொல்றீங்க? நான் அள்ளிப் போடப் போட, அவுக சாக்கு வாயப் பிடிச்சுக்கிட்டு நிப்பாக. அமுக்காத, பீன்ஸு நசுங்கிரும்னு அதட்டுவாக. அந்த அரைமணி நேரந்தான் அவுக மொகம் பழைய மொகமா இருக்கும். அதுக்காகவே கட்டுறேன். சிஸ்டரு சொன்ன சோலி இப்ப எனக்கு இதுதான்.

காட்டாம இருப்பமா? மலைய விட்டுக் கீழ எறங்கிப் பெரிய டாக்டருகிட்டயும் காட்டியாச்சு. போன ஞாபகம் திரும்பாதும்மா, பத்தரமாப் பாத்துக்கங்கன்னுட்டாரு. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எத்தன நாளைக்கு, எப்பிடின்னு அவரும் சொல்லல, எனக்கும் தெரியல.

லாரி எங்க சார் வரப்போகுது? சேனாதிபதின்னு ஒரு டிரைவரு, அவரு வண்டிக்குத்தான் இந்தக் காத்திருப்பு. அவரு செத்தே நாலு வருசமாச்சு.

ஒரு ஒதவி செய்யணும் நீங்க. ஒங்க பஸ்ஸு வாரதுக்குள்ள, மார்க்கெட்டு இன்னிக்கு லீவு, லாரி நாளைக்குத்தான்னு அவுககிட்ட ஒரே ஒரு வார்த்த. நான் சொன்னா எடுபடாது. கண்டக்டரு சொன்னாரு, பால்காரரு சொன்னாரு, பழகுன மொகத்த இப்ப நம்புறதே இல்ல. நீங்க பேண்ட்டு சட்டையோட, கழுத்துல அட்டையத் தொங்கவிட்டுக்கிட்டு ஆபீசரு கணக்கா இருக்கீங்க. நீங்க சொன்னா நம்பிருவாக, பேசாம வீட்டுக்கு வந்துருவாக. வாத்தியாரு பொய் சொல்லலாமான்னு யோசிக்கிறீகளோ? அந்தப் பாவம் என்னையச் சேரட்டும், சொல்லுங்க சார்.

அந்தா, திரும்பி வாராக. நல்ல வேள. அப்புறம் இன்னொண்ணு. இந்தப் பொம்பள யாருன்னு ஒங்ககிட்டக் கேப்பாக. தோட்டத்துக் கூலியாளுன்னு சொல்லிருங்க. பொண்டாட்டின்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிராதீங்க, கோவம் பொத்துக்கிட்டு வந்துரும். எம் பொண்டாட்டி ராவெல்லாம் தூக்கமில்லாமக் கெடந்துட்டு இப்பத்தான் செத்த நேரம் கண்ணசந்திருக்கா, சத்தம் போட்டு அவள எழுப்பிராத தாயின்னு எங்கிட்டயே சொல்லுறாக. நானும் சரிங்கய்யான்னு மெதுவாத்தான் பேசுறது.