சார், நீங்க போகணும்

தோழர்களே, ஒரு சின்னக் கதை சொல்றேன், கொஞ்சம் காது கொடுங்க.

ஒரு ஊர்ல பொது அருங்காட்சியகம். ஊர் பேரு வேணாம். இயக்குநர் ஞானசிகாமணி... தங்கமான மனுஷன். ஆனா யார் எது கேட்டாலும் 'பார்த்துக்கலாம்'னு சொல்வார். அவருக்கு அடுத்த இடத்துல துணை இயக்குநர் மரகதவல்லி. அந்தம்மா முடியாதுன்னா முடியாதுதான். ஒரு தடவை நிர்வாகக் குழுத் தலைவர், செப்புச் சிலைகள் இருக்கிற கூடத்துல தன் பொண்ணு கல்யாண வரவேற்பை வச்சுக்கலாமான்னு கேட்டார். சிலைக்கு நடுவுல பந்தி! இயக்குநர் பார்த்துக்கலாம்னார். மரகதவல்லி கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாங்க. தலைவருக்கு அது மறக்குமா?... மறக்காது.

ஞானசிகாமணி ஓய்வு பெறுற நாள் வந்துச்சு. சால்வை, மாலை எல்லாம் ஆச்சு. விழா முடிஞ்சதும் நம்ம வழக்கப்படி ஆபீஸ் ஜீப்புல அவரை வீடு வரைக்கும் கொண்டுபோய் விடணும். ஜீப் வாசல்ல நிக்குது. தலைவர் மைக்கைப் பிடிச்சார். சார் நம்மளை விட்டுப் போகல, குழு அவருக்கு ரெண்டு வருஷம் பதவி நீட்டிப்பு கொடுத்திருக்குன்னார். ஒரே கைதட்டல்.

ஏன் ரெண்டு வருஷம்? ஒண்ணு கொடுக்கக் கூடாதா? யோசிச்சுப் பாருங்க... மரகதவல்லிக்கு மிச்சமிருந்த சர்வீஸே ரெண்டு வருஷம்தான்.

அடுத்து வாழ்த்துரை, மரகதவல்லி. பிரிவு உபசார விழாவுல நாம என்ன பேசுவோம்? நீங்க இல்லாம ஆபீஸ் எப்படி ஓடும், போகாதீங்கம்போம். பொய்யா இருந்தாலும் சொல்வோம். அந்தம்மா மைக் முன்னாடி வந்து நின்னாங்க.

"சார், உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா நீங்க போகணும். அடுத்து என் முறை."

தலைவர் முகம் சிவந்துபோச்சு. ஞானசிகாமணி எழுந்தார்...

"நீட்டிப்பு வேண்டாம் தலைவரே. ஜீப் காத்திருக்கு, நான் கிளம்புறேன்."

ஜீப்புல அவர் பக்கத்துல உட்கார்ந்து வீட்டுல கொண்டுபோய் விட்டது யாரு? மரகதவல்லிதான். மறுநாள் காலையில இயக்குநர் நாற்காலியில உட்கார்ந்ததும் அவங்கதான்.

இதை ஏன் நம்ம நூலக ஊழியர் சங்கத்துல வந்து சொல்றேன்? பெரியவங்க இருக்காங்க, நம்ம முறை தானா வரும்னு உட்கார்ந்திருக்கீங்களே... வராது. தானா வரவே வராது. உட்கார்ந்து பழகினவனுக்கு நாற்காலி சுகமா இருக்கும், அவனா எழுந்திருக்க மாட்டான். நம்ம முறையைக் கேட்கிறது மரியாதைக் குறைவு இல்ல. கேட்காம இருக்கிறதுக்குப் பேரு பணிவும் இல்ல... அது பயம்.

ஒன்பது வருஷமா நான் உங்க தலைவர். இன்னிக்கும் நானே தொடரணும்னு தீர்மானம் எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க. அதை நான் வாசிக்கப் போறதில்ல. யோவ், நீ போய்யா, இனி நாங்க பார்த்துக்கிறோம்னு இந்தக் கூட்டத்துல யார் எழுந்து சொல்லப் போறீங்க?

சொல்லுங்க... நான் இங்கேயே நிக்கிறேன்.