மதுரன் வேனைப் பூட்டிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை

ஹலோ... ஹலோ, என்னங்க, கேக்குதா? வடிவு பேசுறேன்... ஆமா... ஆமா ஆமா, போயிட்டு வந்துட்டோம். இல்ல, புள்ள வாந்தி எடுக்கல. கொழும்புக்கு வர்றதுக்கு முன்னால பழக்கிப் பாக்கச் சொன்னீங்களே, றம்பொடை வரைக்கும் போயி வந்தாச்சு, அத்தன வளைவுலயும் ஒருக்காகூட எடுக்கல... எங்கண்ணன்தான் எடுத்துச்சு... ஆமாங்க, ஓட்டுன ஆளேதான். ராத்திரி மிஞ்சுன ரொட்டியத் தின்னுட்டு வந்திருக்கு... அத விடுங்க. இப்ப வேற பிரச்சின.

மதுரன் வேனுக்குள்ள இருக்கான்... இருக்கான்னா, பூட்டிக்கிட்டு இருக்கான்.

இல்லங்க, நாங்க எல்லாரும் வெளிய. அவன் மட்டும் உள்ள, டிரைவர் சீட்டுல... பயப்படாதீங்க. எஞ்சின் ஓடல. ஜன்னல் நாலு வெரக்கட தெறந்திருக்கு. கந்தப்பளையில எங்க வெயிலு, மழ தூறிக்கிட்டு இருக்கு. அவன் சொகமாத்தான் இருக்கான், நாங்கதான் நனையிறோம்... சாவியா? உள்ள... மத்த சாவியும் உள்ளதான். டேஷ்போர்டுல. தொலைஞ்சிறக் கூடாதுன்னு அங்க வச்சிச்சாம்... என்னைய ஏன் ஏசுறீங்க, உங்க மச்சான்கிட்ட கேளுங்க.

எப்படின்னா... எல்லாரும் எறங்குனோம். அண்ணன் அந்தப் பக்கம் போயி வாயக் கொப்பளிச்சிச்சு. இவன் சீட்டுக்கு நடுவுல பூந்து முன்னால போயி, கதவு பட்டன அமுக்கிட்டான். நாலு கதவும் டக்குன்னு விழுந்திருச்சு.

ஏன்னா, நீங்கதான் காரணம்... கோவிக்காதீங்க, கேளுங்க. ராட்டினப் பார்க்குக்கு டிக்கெட்டு எடுத்துட்டு, ரெண்டு வாரமா தெனமும் ஃபோன்ல பார்க்குக்குப் போவோம், பார்க்குக்குப் போவோம்னு சொன்னீங்களா? இன்னைக்கி வேன்ல ஏத்துனதும் அவன் இதுதான் பார்க்குன்னு நெனச்சிட்டான். மேல ஏறுச்சு, கீழ எறங்குச்சு, சுத்துச்சு, எல்லாரும் கத்துனோம், மாமா வாந்தி எடுத்துச்சு. அவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்... சொன்னேங்க. இது பார்க்கு இல்லடா, பார்க்கு கொழும்புப் பக்கம், அடுத்த ஞாயிறு அப்பா கூட்டிட்டுப் போவாருன்னு சொன்னேன். பார்க்கு வந்தாச்சுங்கிறான். எறங்க மாட்டானாம்.

...இந்தா, கேட்டுச்சா? ஹார்ன். அவன்தான். ஒவ்வொருக்கா அடிக்கையிலயும் லயத்து வீட்டுப் புள்ளைங்க கை தட்டுதுங்க. அதுங்களும் பார்க்குக்கு வந்திருக்காம், வரிசையில நிக்குதுங்க.

என்ன?... இப்ப எதுக்கு ஒசரத்தக் கேக்குறீங்க... ரெண்டடி பத்து அங்குலம். நேத்து புள்ளக்காம்பராவுல நிப்பாட்டி அளந்தாங்க... ஆமா, புள்ளைங்கள விட்டுட்டுத் தேயிலக் கொழுந்து பறிக்கப் போற எடத்துலயேதான், வேற எங்க அளக்குறது... சரி, மூணு அடி இல்லன்னா படகு ஊஞ்சல்ல ஏத்த மாட்டாங்கதான். அதுக்கு ஒரு வாரத்துல ரெண்டு அங்குலம் நான் எங்கங்க போறது?... குடுமி போடவா? போன மாசந்தானே மொட்ட அடிச்சோம்.

அதுவும் செஞ்சேன். கொழும்பு வெயிலுக்குப் பழக்கச் சொன்னீங்கன்னு பனியனோட அடுப்புப் பக்கத்துல ஒக்கார வச்சேன். எந்திரிச்சுப் போயி சுவெட்டரையும் கம்பளித் தொப்பியையும் மாட்டிக்கிட்டு வந்து அதே எடத்துல ஒக்காந்தான்... தண்ணியில எறக்கிப் பாத்தேன். பச்சத் தண்ணியக் கண்டாலே அலர்றான். சுடுதண்ணி வச்சா பேசினை விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறான். அங்க பார்க்குக் குளத்துல சுடுதண்ணியா ஊத்தி வச்சிருப்பாங்க?

சரிங்க, அதெல்லாம் பொறகு. இப்ப கேளுங்க. பதினோரு மணிக்கு அண்ணனுக்கு ஹயர் இருக்கு. மேல் பிரிவு ஷாமிலாவுக்குக் கல்யாணம், பொண்ண நுவரெலியா மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். இப்பவே பத்தே முக்கால்... வேற வேனா? எல்லா வேனும் ஜனத்த ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. பொண்ணுக்குன்னு வச்சது இது ஒண்ணுதான்... கண்ணாடிய ஒடைக்கலாம்னு பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் மாமா கல்லத் தூக்கிட்டு வந்தாரு. உள்ள புள்ள இருக்குன்னு நான் கத்துறேன், புதுக் கண்ணாடின்னு அண்ணன் கத்துது.

கணக்கப்புள்ள செல்லசாமி ஐயாவும் வந்தாரு. காலையில வேலைக்குப் பேரு போடுற பெரட்டுல நூறு பேர ஒரு சத்தத்துல நிக்க வைக்கிற மனுஷன். ஜன்னல்கிட்ட போயி, டேய், கதவத் தொறன்னாரு. இவன் எந்திரிச்சு நின்னு சலூட் அடிச்சிட்டுத் திரும்ப ஒக்காந்துக்கிட்டான்.

பொறகு பொண்ணே வந்திருச்சுங்க... ஆமா, ஷாமிலாதான். மேல இருந்து நடந்தே வந்திருச்சு. சேலைய முழங்கால் வரைக்கும் தூக்கிச் சொருகி, கால்ல பூட்ஸு, தலைக்கு மேல ரெண்டு பேரு கொட புடிச்சிருக்காங்க. தம்பி, அக்காவுக்குக் கல்யாணம்டா, அக்கா போகணும்டான்னு கெஞ்சுது. இவன் ஒரு பிஸ்கட்ட எடுத்து ஜன்னல் வழியா நீட்டுறான். அது வாங்கித் தின்னுக்கிட்டே அழுகுது. மையெல்லாம் கலைஞ்சிருச்சு.

...என்னங்க? பார்க்கு டிக்கெட்டு வீணாப் போச்சா?

...இல்லங்க, அப்படி இல்ல. ஒங்க டிக்கெட்டு வீணுன்னு நான் சொல்லல... தெரியும். தெரியும்ங்க. பொங்கலுக்கு வந்தப்ப ஒங்களக் கண்டுட்டுக் கட்டிலுக்கு அடியில ஓடிட்டான். நாலு நாளும் ஒங்ககிட்ட வரல. அத இன்னும் மனசுல வச்சிருக்கீங்க... ம்... ம். ஒரு நாளு முழுக்க தோள்ல ஏத்திக்கிட்டு சுத்துனா ஒட்டிக்குவான்னு நெனச்சீங்க. நானும் அதுக்குத்தானே அடுப்புப் பக்கத்துல ஒக்கார வச்சேன், பேசின்ல எறக்குனேன்...

என்ன, அவன்கிட்டயா? நீங்க பேசுறீங்களா?... சரி, இருங்க. ஸ்பீக்கர்ல போட்டு ஜன்னல்கிட்ட நீட்டுறேன். ஷாமிலா, கொஞ்சம் தள்ளிக்கம்மா. மதுரா, இந்தா பாரு, அப்பா... பேசுங்க, கேக்குறான்.

...

ஐயோ, ஏங்க வேனுக்கு வெளிய நிக்கிறேன்னு சொல்றீங்க? நீங்க எங்க மழையில நனையிறீங்க? கொழும்புல... சரி சரி, நான் பேசல. நீங்க சொல்லுங்க.

...

என்னங்க, தொறந்துட்டான்... ஆமாங்க, அப்பா நனையுதான்னு கேட்டான். கேட்டுட்டு அவனே பட்டனத் தூக்கிட்டான். ரெண்டு கையாலயும் தூக்குனான்... ஷாமிலா ஏறியாச்சு. அண்ணனும் ஏறிருச்சு. எல்லாரும் சிரிக்கிறாங்க, ஒங்களத்தான் மெச்சுறாங்க. கெட்டிக்காரன்டி ஒம்புருஷன்கிறாரு கணக்கப்புள்ள ஐயா... வேன் கெளம்பியாச்சு, போயிருச்சு...

இல்ல, அழுகல. வேன அவன் திரும்பிக்கூட பாக்கல.

...ஒங்களத் தேடுறான்ங்க.

வேன் நின்ன எடத்துக்குப் பின்னால போயி பாத்தான். பொறகு ஆண்டியப்பன் மாமா கொடைக்குக் கீழ குனிஞ்சு பாத்தான். இப்ப ரோட்டு ஓரத்துல நிக்கிறான். தூக்குனா எறங்கிக்கிறான்... நான் என்னன்னு சொல்றது? அப்பா சும்மா சொன்னாருன்னா சொல்றது?

...

நீங்க அழுகாதீங்க. ஆம்பள... சரி, அழுங்க. நானும் அழுதுட்டேன்.

என்னங்க, ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு லீவு, இன்னைக்கி ஒங்களுக்கு லீவுதானே? அப்ப கெளம்புங்க. அடுத்த ஞாயித்துக்குக் கேட்ட லீவ நாளைக்கி மாத்திக்குங்க, முதலாளி கேட்டா புள்ள கதவப் பூட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க, உண்மதானே... டிக்கெட்ட ஒங்க கூட வேல செய்யிறவங்க யாருக்காவது குடுங்க. மூணு அடிப் புள்ள இருக்கிறவங்களாப் பாத்துக் குடுங்க. நமக்கு இப்ப வேணாம்ங்க...

உடுப்பெல்லாம் எதுக்கு? இங்க இருக்கு. அப்படியே வாங்க... எத்தன மணி பஸ்ஸு?... பதினொன்றரையா? அப்ப இன்னும் ஏன் பேசிக்கிட்டு நிக்கிறீங்க?

அவன்கிட்டயா? சாயங்காலம்னு சொல்றேன்... மணி எங்க தெரியுது அவனுக்கு. இருட்டுறதுக்கு முன்னாடின்னு சொல்றேன். நானும் கொடய எடுத்துக்கிட்டு வந்து அவன் பக்கத்துல நிக்கிறேன்.

சரி... சரிங்க. வைக்கிறேன். ஓடுங்க.