கீழத்துறைக்கு விசில் வேண்டாம்

சாரல் காலத்தில் தென்காசியில் துணி காயாது. வகுப்புக்குப் போட்டுப்போகும் சுடிதாரை முந்தின நாளே துவைத்து மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டாலும் லேசான ஈரம் இருந்துகொண்டே இருக்கும். அன்றும் அப்படித்தான் போட்டிருந்தேன். நான் நடுங்கியது அந்த ஈரத்தால்தான் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். அவர்களும் நம்பினார்கள்.

ஐயா, டீக்கடை இசக்கிப்பாண்டி அண்ணாச்சி மேல் நீங்கள் பதிந்திருக்கும் வழக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். சந்தனமாரி அக்காவை ஓடைத் தண்ணீர் இழுத்துப் போனதற்கு அண்ணாச்சியின் அலட்சியமே காரணம் என்று அதில் இருக்கிறது. அவர் அலட்சியமாக இருக்கவில்லை. பகலில் வேலை, மாலையில் புள்ளியியல் வகுப்பு, படுக்கும் முன் நாட்குறிப்பு என்று இருப்பவள் நான். எதையும் வரிசையாகச் சொல்ல வரும். சரியாகச் சொல்ல வருமா என்று தெரியவில்லை.

நான் வேலை பார்க்கும் பேராசிரியை ஆனந்தவள்ளி மேடத்துக்குப் பல்கலைக்கழகம் ஒரு சிறு நிதி கொடுத்திருந்தது. விதை நிதி என்பார்கள். மலையில் இப்போதெல்லாம் நினைத்த நேரத்தில் கொட்டும் பெருமழையைப் பற்றி, அங்கே பிழைக்கும் மக்களையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு ஆராய வேண்டும். ஒரு சீசனுக்குள் கண்ணுக்குத் தெரிகிற பலன் வந்தால்தான் அடுத்த பெரிய நிதி. நான் அதில் களப்பணியாளர். மேடத்துக்குக் கீழே அங்கே நாள்தோறும் போய்வந்தவள் நான் ஒருத்திதான்.

குற்றாலத்திலிருந்து இலஞ்சிப் பக்கம் இறங்கும் ஓடையில் குளிக்க இரண்டு இடங்கள் உண்டு. மேலத்துறை, கீழத்துறை. நடுவில் ஒரு பாறை வளைவு; மேலே எழும் சத்தம் அதைத் தாண்டிக் கீழே கேட்காது. மலையில் தண்ணீர் ஏறினால் தானாக அலறும் அபாயச் சங்கை மேலத்துறையில் வைத்தோம். கீழத்துறையில் வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. சங்கு உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிட்டால்தான் அதன் பலன் தெரியும். இது நாங்கள் கண்டுபிடித்த முறை அல்ல, பாடத்தில் உள்ளதுதான். இரண்டு இடத்திலும் மரத்தில் ஒரு கேமரா. ஆட்கள் கரையேறும் நேரம் அதில் பதிவாகும். படங்கள் என் போனுக்கு வரும்.

சந்தனமாரி அக்கா கீழத்துறையில் துண்டு வாடகைக்கு விட்டு, குளிக்க வருபவர்களின் துணிமணிகளையும் பார்த்துக்கொள்வார். எங்கள் பங்காளிகளில் முதலில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். நான் போகும்போதெல்லாம் கேட்பார்.

“ஏட்டி, மேல உள்ளவளுவளுக்கு மட்டுந்தான் உயிரு வெல்லமா? அந்தச் சங்குல ஒண்ண இங்கனயும் மாட்டி விடேன்.”

“அடுத்த வருசம் உங்களுக்குத்தான் அக்கா.”

“அது வரைக்கும்? எங்க துறைக்கு வாறவுக என்ன ரப்பர் பொம்மையா, மெதந்து போவ?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சீசன் தொடங்கியதும் தண்ணீர் ஏறிய ஒவ்வொரு முறையும் மேலத்துறையில் சங்கு அலறியது, ஆட்கள் ஏறினார்கள். ஆனால் சங்கே இல்லாத கீழத்துறையிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஏறிவிட்டார்கள். காரணம் இசக்கிப்பாண்டி அண்ணாச்சி. போலீஸில் இருந்து ஓய்வு பெற்று மேலத்துறையில் டீக்கடை போட்டவர். மலைமண் கரைந்து தண்ணீர் சிவந்தால் பாறை வளைவு வரை இறங்கிப்போய், வேலையில் இருந்தபோது வைத்திருந்த அதே விசிலை ஊதுவார். அதைக் கேட்டதும் அக்கா எல்லோரையும் திட்டிக் கரையேற்றுவார். கடை போட்ட நாளிலிருந்து அவர்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு.

இரண்டு துறையிலும் தண்ணீரில் நிற்பவர்கள் குறைவதைக் காட்டும் வரைபடத்தை மேடம் பார்த்துவிட்டு, “ரெண்டு கோடும் ஒண்ணாவே போகுதே பெர்சிஸ். இதைக் கொண்டுபோனா யாரு நிதி தருவா?” என்றார். விசிலை நிறுத்தச் சொல் என்று அவர் சொல்லவே இல்லை. அதை நானாகத்தான் யோசித்தேன். நல்ல யோசனை என்று அன்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. மாலை வகுப்பில் படிப்பவளுக்கும் ஆராய்ச்சி மூளை இருக்கிறது என்று மேடத்துக்குத் தெரிய வேண்டும் என நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் டீக்கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, இந்த சீசன் மட்டும் கீழத்துறைக்கு விசில் வேண்டாம். அங்க எப்பம் ஏறணும்னு நானே அக்காவுக்கு போன் பண்ணிருவேன்.”

“ஏம்மா, என் விசிலு உன் மிசினுக்குப் போட்டியாக்கும்?”

“போட்டிதான் அண்ணாச்சி.”

“சரி, ஊதி ஊதி வாயும் வலிக்கி. அதுக்கும் ஒரு லீவு” என்று சிரித்து, டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அக்காவுக்கு நான் போன் செய்யவும் கூடாது. செய்தால் ஒப்பீடு மறுபடியும் கெட்டுவிடும். அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்ததா என்று பலமுறை யோசித்துவிட்டேன். தெரிந்திருந்தது.

சந்தனமாரி அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. ஆபத்து வந்தால் விசில் வரும் என்று நம்பித்தான் அவர் ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துண்டு மடித்தார்.

அந்த நாள் மாலை, வகுப்பு தொடங்கிச் சிறிது நேரத்தில் அண்ணாச்சியின் அழைப்பு வந்தது. வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்.

“பெர்சிஸு, தண்ணி செவந்துட்டு. சருகும் குச்சியுமா வருது. எப்பவும் போல இல்ல, கேட்டியா. வளைவுக்குப் போயி ஒரு ஊது ஊதிட்டு வந்திரட்டா?”

“வேண்டாம் அண்ணாச்சி. அக்காகிட்ட இப்பந்தான் பேசுனேன். ஏத்திக்கிட்டு இருக்காங்க.”

“அப்பம் சரி” என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். சார் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சுக்கு அடியில் போனை வைத்துப் படங்களைப் பார்த்தேன். மேலத்துறை காலியாகிவிட்டது. கீழத்துறையில் கூட்டம் நின்று குளித்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு சிறுமிக்குத் துண்டு போர்த்திவிடுவது தெரிந்தது. அடுத்த படத்திலும் கூட்டம் அப்படியே. தண்ணீர் மட்டும் நிறம் மாறியிருந்தது. அதற்கடுத்ததில் எல்லோரும் ஓடினார்கள். குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ள நட்டிருக்கும் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணை நோக்கி அக்கா மட்டும் தண்ணீருக்குள் இறங்கியிருந்தார். பிறகு வந்த படத்தில் அந்தப் பெண் கரையில் கிடந்தாள். அக்காவைக் காணோம்.

அவரை இலஞ்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் மறுநாள் கண்டெடுத்தார்கள். துக்க வீட்டில் அக்காவின் மகன் அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “ஊதுத வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?” என்று கேட்டான். அண்ணாச்சி தலை நிமிரவில்லை. “கண்ணசந்துட்டேன்டே” என்றார். நான் பெண்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நானே அவரைத் தேடிப் போனேன். கடையில் யாரும் இல்லை. இப்போது அவரிடம் ஒருவரும் டீ குடிப்பதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

“நீ போன் போட்டிருப்ப. அவ சரியாக் கேட்டிருக்க மாட்டா. இல்லன்னா டவரு கெடைக்காம பாதியில அந்து போயிருக்கும். அப்படித்தான?”

தலையசைத்தேன்.

“உன் பேரு வந்தா படிப்பு போயிரும். எனக்கென்ன, பென்சன் வருது. நீ ஒண்ணும் பேசாத. முகத்தத் தொடை.”

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் ஆற்றிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் மேடம், “விசில் என்ன ஆச்சு?” என்று கேட்டார். “அவர் தூங்கிட்டாராம் மேடம்” என்றேன். அண்ணாச்சி எனக்காகச் சொன்ன பொய்யை நான் எனக்காக எடுத்துக்கொண்டேன். அறிக்கையில் அதை ‘தற்செயலாக அமைந்த ஒப்பீடு’ என்று எழுதியதும் நான்தான். நிதிக் குழுவின் முன் அந்த வரைபடத்தைக் காட்டினோம். ஒரு கோடு சட்டென்று இறங்கியது, இன்னொன்று நெடுநேரம் இறங்கவே இல்லை. இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது என்று ஒருவர் சொன்னார். பெரிய நிதி கிடைத்துவிட்டது. எனக்கு மூன்று ஆண்டு வேலையும்.

இந்த வழக்கில் தண்டனை வந்தால் அண்ணாச்சியின் பென்சனும் நின்றுபோகலாம் என்று நேற்றுதான் ஒருவர் சொன்னார். அவர் விட்டுக்கொடுக்க நினைத்தது கடையை மட்டும். அதனால் எழுதுகிறேன். விசிலை நிறுத்தச் சொன்னது நான். ஊதட்டுமா என்று கேட்டு அழைத்தவரிடம் வேண்டாம் என்றதும் நான். என் போனில் அந்த மாலை அக்காவுக்குப் போன அழைப்பு ஒன்றும் இருக்காது. நீங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

இந்த இடத்தில், எல்லோரும் தாமாகவே ஏறிவிடுவார்கள் என்று நம்பினேன் என ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது உங்களுக்கும் தெரியட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். நான் அப்படி நம்பவில்லை, ஐயா. விசில் இல்லாமல் தண்ணீர் வருவது அவர்களுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் தெரிந்துவிடக் கூடாதே என்றும் நினைத்தேன்.